கணப்புச் சட்டியும் ஈரச் சுவரும்

"உனக்கென்னடி, கொல்லிமலைக்குக் குடி போகிறாய்! சித்திரை வெயிலில் நாங்கள் இங்கே வெந்து சாகும்போது, நீ போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவாய்!"

என் கணவருக்குச் செம்மேட்டுக்கு மாற்றலாகி உத்தரவு வந்ததும் என் சிநேகிதிகள் எல்லோரும் இப்படித்தான் பொறாமைப்பட்டார்கள். நாமக்கல்லில் பிறந்து, சேலத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். வெயிலைத் தவிர வேறொன்றையும் அறியாதவள். மலை வாசம் என்றால் எனக்கு மட்டும் ஆசை இருக்காதா? நான்கு வயது மகளையும் எட்டு மாதக் கைக்குழந்தையையும் மடியில் இருத்திக்கொண்டு, காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே ஏறினேன். பலா மரமும், மிளகுக் கொடி படர்ந்த மரங்களும், வல்வில் ஓரி சிலையும் கண்ணில் பட்டபோது, சொர்க்கத்துக்கே வந்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அந்தச் சொர்க்கத்தில், வந்த இரண்டாவது மாதமே இரண்டு குழந்தைகளையும் பறி கொடுக்க இருந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. மலையில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, சமவெளியில் ஏ.சி. மாட்டிக்கொண்டு வாழும் சகோதரிகளுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

நாங்கள் குடி போன வீடு

செம்மேடு கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி வெப்பம் குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். படித்தது வேறு, பட்டது வேறு! ஐப்பசி மழை ஓய்ந்து, கார்த்திகை பிறந்ததும் அந்த ஆறு டிகிரி எலும்பில் உறைத்தது.

நாங்கள் குடி போனது சிமெண்ட் வீடு. பார்க்க லட்சணமாக இருந்தது. மலைச் சரிவை வெட்டிச் சமப்படுத்தி, வெட்டிய மண் மேட்டை ஒட்டினாற்போலவே பின்சுவரை எழுப்பியிருந்தார்கள். அந்தப் பின்சுவரை ஒட்டிப் படுக்கையறை. படுக்கையறையை ஒட்டிக் குளியலறை. குளிக்கிற தண்ணீர் சுவரில் உள்ள ஓட்டை வழியாகப் பின்பக்கம் விழும். விழுந்த தண்ணீர் எங்கே போகிறது என்று நான் எட்டிப் பார்த்ததில்லை. பார்த்திருக்க வேண்டும்.

வந்த பத்தாம் நாளே படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியது. சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தது. மூலையில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. அலமாரியில் மடித்து வைத்த பட்டுப் புடவை நாறியது. குழந்தையின் துணி இரண்டு நாளானாலும் காயவில்லை. மகளுக்கோ ராத்திரியானால் இருமலும் இளைப்பும்.

நான் என்ன செய்தேன்? குளிர் காற்றால்தான் எல்லாம் என்று முடிவு கட்டினேன். ஜன்னல் இடுக்குகளில் பழந்துணியைத் திணித்தேன். ஜன்னலுக்கு மேலே இருந்த காற்றுத் துவாரத்தை அட்டை வைத்து ஆணி அடித்து மூடினேன். கதவுக்கடியில் சாக்கை மடித்துப் போட்டேன். "இப்போதுதான் அறை கதகதப்பாக இருக்கிறது" என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அந்த மார்கழி இரவு

அன்றைக்கு மாலையிலிருந்தே மூடுபனி. மின்சாரமும் போய்விட்டது. குழந்தையின் கை கால் சில்லிட்டிருந்தது. பாட்டி காலத்துக் குமுட்டி அடுப்பு ஒன்று என்னிடம் இருந்தது. அதில் அடுப்புக் கரியைப் போட்டு வாசலில் வைத்து விசிறினேன். புகை அடங்கிக் கரி செக்கச் செவேலென்று கனிந்ததும் உள்ளே தூக்கி வந்து, கட்டிலுக்கு நான்கடி தள்ளி வைத்தேன்.

"புகை ஒண்ணும் இல்லையே?" என்று இவர் கேட்டார்.

"அதான் வெளியிலேயே புகையை அடக்கிட்டேனே. வெறும் கணப்புதான்" என்றேன்.

அறை இதமாயிற்று. குழந்தைகள் உடனே தூங்கிவிட்டார்கள். நாங்களும் கண்ணயர்ந்தோம்.

நள்ளிரவு இருக்கும். மகள் "அம்மா, தலை வலிக்குது" என்று முனகினாள். எழுந்திருப்பதற்குள் வாந்தி எடுத்தாள். ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கும் தலை பாரமாக இருந்தது. கால் தள்ளாடியது. இவரை உலுக்கினேன், எழுந்தவர் இரண்டடி வைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குழந்தையைத் தொட்டேன். அழவில்லை. துவண்டு கிடந்தான்.

வாந்தியைத் துடைக்கத் தண்ணீர் எடுக்கலாம் என்று எப்படியோ தடவிக்கொண்டு போய் வாசல் கதவைத் திறந்தேன். ஜில்லென்ற காற்று முகத்தில் அடித்தது. பக்கத்து வீட்டு ஆயாவின் பெயரைச் சொல்லிக் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

ஆயா அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். வயது எழுபதுக்கு மேல். உள்ளே வந்தவர் கணப்பைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"ஏங் கண்ணு, ஊட்டை இப்படிப் பொட்டலம் கட்டி வச்சுக்கிட்டுக் கரி போட்டீங்களா? மொதல்ல புள்ளைங்கள வெளியே தூக்கு! மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்!"

பெரியவளை அவரே தூக்கிக்கொண்டு போய்த் திண்ணையில் கிடத்தினார். குழந்தையை நான் மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆயாவின் மகன் இவரைத் தாங்கி வந்தார். திண்ணையில் சில நிமிஷங்கள் கழித்து என் பிள்ளை வீலென்று அழுதானே, அந்த அழுகையைப் போல இனிய சங்கீதம் நான் கேட்டதில்லை.

டாக்டர் சொன்னது

செம்மேடு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நான்கு பேருக்கும் பிராணவாயு கொடுத்தார்கள். விடிந்த பிறகு டாக்டரம்மா என்னை உட்கார வைத்துப் பேசினார்.

"புகை இல்லாத கரி ஆபத்தில்லைன்னு நினைச்சீங்க இல்லையா? அதுதாம்மா பெரிய ஆபத்து. புகையாவது கண்ணை எரிச்சு எழுப்பிவிடும். கரியிலிருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது."

அவர் விளக்கியதை என் வார்த்தைகளில் சொல்கிறேன். நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் பொருள்தான் பிராணவாயுவைச் சுமந்துகொண்டு உடம்பெல்லாம் போகிறது. கார்பன் மோனாக்சைடு வந்தால், பிராணவாயுவை விட இருநூறு மடங்குக்கும் அதிகமான பலத்தோடு அதை ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் எல்லா இடத்திலும் துண்டு போட்டுவிட்ட மாதிரி. பிராணவாயுவுக்கு உட்கார இடம் இருக்காது. முதலில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல். பிறகு மயக்கம். தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவதும் உண்டு.

குழந்தைகள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுவதால் அவர்களை இது முதலில் தாக்குகிறது. வயிற்றில் இருக்கும் சிசுவுக்கோ இன்னும் ஆபத்து. விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிமீட்டரை நம்பவும் முடியாது. விஷ வாயு ஏறிய ரத்தத்தையும் அது நல்ல ரத்தம் என்றே காட்டிவிடும்.

"ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படி நடக்கிறதைப் பேப்பர்ல பார்த்திருப்பீங்களே?" என்றார் டாக்டரம்மா. பார்த்திருக்கிறேன். "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டியும் இருக்கிறேன்.

ஆயா வீட்டில் கண்டது

குழந்தைகள் தேறியதும் ஒரு நாள் ஆயாவிடம் கேட்டேன்: "ஆயா, நீங்களும் காலங்காலமாக வீட்டுக்குள் அடுப்பு மூட்டுகிறீர்களே, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே, எப்படி?"

"வா, வந்து பாரு" என்று தன் பழைய வீட்டுக்கு அழைத்துப் போனார். மண் சுவர், புல் கூரை. சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அடுப்புக்கு நேர் மேலே பரண். அதில் விதைச் சாமையும் தினையும் கட்டி வைத்திருந்தார். புகை பட்டால் பூச்சி அண்டாதாம். புகை பரணைத் தாண்டிக் கூரை இடுக்கு வழியாகப் போய்விடும். காற்று கீழே வாசல் வழியாக வரும். அடைத்துக்கொள்ள அந்த வீட்டுக்குத் தெரியாது!

ஆனால் அடுப்புப் புகையே நல்லது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆயாவின் கண் சிவந்து நீர் கோத்திருப்பதும், விடியற்காலை இருமலும் அந்தப் புகை கொடுத்த சீதனம்தான். வீட்டுக்குள் விறகும் கரியும் எரிப்பதால் வரும் மாசு 2020-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் உயிர்களைப் பறித்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். ஆயா இப்போது சமைப்பது காஸ் அடுப்பில்தான்.

நான் அங்கே கவனித்தது வேறொன்று. வீடு இரண்டடி உயரத் திண்ணை மேல் உட்கார்ந்திருந்தது. மேட்டுப் பக்கம் ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கால் வெட்டி, மழைத் தண்ணீரை வீட்டைச் சுற்றிப் போகும்படி திருப்பிவிட்டிருந்தார்கள். உள்ளே தரையைத் தொட்டுப் பார்த்தேன். மண் தரைதான், ஆனால் ஈரமே இல்லை. அடுப்பு அணைந்திருந்தும் எங்கள் வீட்டைவிடக் குளிர் குறைவு!

"தண்ணிய ஊட்டுப் பக்கம் சேத்தா, ஊடு சில்லுனுதானே கண்ணு இருக்கும்?" என்றார் ஆயா, இதென்ன பெரிய விஷயம் என்பது போல.

மண்பானைக்குள்ளே குடித்தனம்

மறு வாரம் ஒரு கொத்தனாரை அழைத்து வந்து காட்டினோம். அவர் வீட்டின் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்பக்கம் போனார். மண் மேட்டில் ஊறிய மழைத் தண்ணீரும், எங்கள் குளியலறைத் தண்ணீரும், கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரும், மூன்றும் சேர்ந்து பின்சுவரின் அடியில் குளமாக நின்றன.

"அம்மா, கோடையில மண்பானையில தண்ணி ஏன் சில்லுனு இருக்கு?" என்று கேட்டார்.

"பானையில் ஊறும் தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது" என்றேன், படித்ததை மறக்காமல்.

"அப்போ இந்தச் சுவரு என்னங்க? நீங்க மண்பானைக்குள்ள குடியிருந்துக்கிட்டு, குளுருதுன்னு அடுப்பு மூட்டியிருக்கீங்க!"

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அடிமண்ணில் தேங்கும் தண்ணீரைச் செங்கல்லும் சிமெண்டும் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல மேலே இழுக்கின்றன. ஈரச் சுவர் காயும்போதெல்லாம் அறையின் சூட்டைத் தின்னும். காயாதபோதும், உலர்ந்த சுவரைவிட ஈரச் சுவர் வழியாகச் சூடு சீக்கிரம் வெளியேறிவிடும். அதில் படரும் பூஞ்சைதான் என் மகளின் இளைப்பைக் கிளறிவிட்டது. நானோ தண்ணீர் போக வேண்டிய வழியை விட்டுவிட்டு, காற்று வர வேண்டிய வழியை அடைத்து வைத்திருந்தேன்!

வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "இத்தனை வருஷம் குடியிருந்தவங்க யாரும் சொல்லலையே" என்றார் முதலில். நடந்ததைச் சொல்லி, பின்பக்கம் அழைத்துப் போய்க் காட்டினோம். "செலவைப் பாதிப் பாதி போட்டுக்கலாம், உங்கள் பங்கை வாடகையில் கழித்துக்கொள்கிறோம்" என்று இவர் பேசியதும் ஒப்புக்கொண்டார். எல்லாம் முடிந்தபோது, மொத்தச் செலவு எங்கள் இரண்டு மாத வாடகையைத் தாண்டவில்லை.

நாங்கள் செய்தவை இவைதான்:

முதலில் மண் மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டடி அகலத்துக்கு மண்ணை எடுத்து, வாட்டமாகச் சிமெண்டு வாய்க்கால் கட்டினோம். அடிக்குக் கால் அங்குலமாவது சரிவு இருந்தால்தான் தண்ணீர் ஓடும் என்றார் கொத்தனார். குளியலறைத் தண்ணீரைக் குழாய் போட்டு வீட்டின் தாழ்வான பக்கத்துக்குக் கொண்டுபோய், சுவரிலிருந்து பத்தடி தள்ளி உறிஞ்சு குழி தோண்டி, வாழையும் சேம்பும் வைத்தோம். சரிவில் இருக்கும் வீடுகளுக்கு உறிஞ்சு குழி ஒருநாளும் வீட்டுக்கு மேல்பக்கம் இருக்கக் கூடாது. குடிதண்ணீர்க் கிணறு பக்கத்திலும் கூடாது. கூரைத் தண்ணீருக்குத் தகரத் தாரை வைத்தோம். காற்றுத் துவாரத்தின் அட்டையை நானே என் கையால் பிய்த்தெறிந்தேன்.

சுவர் உடனே காய்ந்துவிடவில்லை. மாசி, பங்குனி வெயில் வரை பொறுத்திருந்து, பொரிந்த பூச்சைச் சுரண்டிப் புதுப் பூச்சுப் பூசினோம். ஈரம் இருக்கும்போதே மேலே பெயிண்ட் அடித்து மறைப்பது புண்ணுக்குப் பவுடர் போடுவது போலத்தான். அடுத்த மார்கழியில் அதே அறையில், ஒரு போர்வை கூடுதலாகப் போர்த்தியதோடு சரி. மகளின் இளைப்பும் பாதிக்கு மேல் குறைந்தது.

அம்மா வீட்டு ஏ.சி.

அந்தக் கோடையில் நாமக்கல்லுக்குப் பிறந்த வீடு போனேன். தம்பி அம்மாவின் அறைக்குப் புதிதாக ஏ.சி. மாட்டியிருந்தான். "ராத்திரி தலைமாட்டில் தண்ணி சொட்டுது, மெஷின் கெட்டுப் போச்சு போல" என்று அம்மா குறைப்பட்டார். மெக்கானிக் இரண்டு முறை வந்து காஸ் நிரப்பிவிட்டுப் போயிருந்தார்.

முன்பெல்லாம் என்றால் நானும் மெஷினைத்தான் குறை சொல்லியிருப்பேன். இப்போது கண் தானாகத் தண்ணீரின் வழியைத் தேடியது! ஏ.சி.யை உள்சுவரில், கட்டிலுக்கு நேர் மேலே மாட்டியிருந்தார்கள். தண்ணீர்க் குழாய் அறையைச் சுற்றி வெளியே போக வேண்டியிருந்தது. நடுவில் ஓரிடத்தில் குழாய் தொய்ந்திருந்தது. அங்கே தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்து அடைத்துக்கொண்டு, பின்னோக்கி வழிந்தது. வெளியே போன கொஞ்ச நஞ்சமும் சமையலறைச் சுவரின் மேலேயே வழிந்து, அரிசி டின் வைக்கும் மூலையில் ஈரம். செம்மேட்டுக் கதையேதான்!

காற்றில் உள்ள ஈரம், குளிர்ந்த தகட்டில் பட்டுத் தண்ணீராகிறது. புழுக்கமான நாளில் ஓர் ஏ.சி. மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூடத் தண்ணீர் விடும். அது போக வழி வேண்டாமா? ஏ.சி.யை வெளிச்சுவருக்கு மாற்றி, குழாயை நேராக, வாட்டமாக இறக்கி, முனையைச் செம்பருத்திச் செடிக்குத் திருப்பினோம். சொட்டு நின்றது.

சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்

* கரி, விறகு, வறட்டி எதையும் தூங்கும் அறையில் மூட்டாதீர்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்று எண்ணாதீர்கள். தணலாக இருந்தாலும் வெளியே வைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

* காஸ் கீஸரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவாருங்கள். மூடிய குளியலறைக்குள் எரியும் காஸும் அதே விஷத்தைத்தான் கக்கும்.

* வீட்டில் ஒரே நேரத்தில் பலருக்குத் தலைவலியும் குமட்டலும் வந்தால், சாப்பாட்டைச் சந்தேகிக்குமுன் கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வாருங்கள். பிறகு ஆஸ்பத்திரி.

* மின்சார ஹீட்டர் வைத்தால் தரையோடு வையுங்கள். சூடு தானாக மேலேறும். திரை, துணி, கட்டில் எல்லாம் மூன்றடி தள்ளி இருக்கட்டும். 2000 வாட் ஹீட்டர் மணிக்கு இரண்டு யூனிட் தின்னும். அதைத் தனிப் பெரிய பிளக்கில் மாட்டுங்கள், நீட்டிப்புப் பெட்டியில் வேண்டாம்.

* ஏ.சி. நேர்மாறு, குளிர் காற்று கீழே இறங்கும், ஆகவே அது உயரத்தில், வெளிச்சுவரில் இருக்கட்டும். காற்று குழந்தையின் தொட்டில் மேல் நேராக வீசக் கூடாது. 24 டிகிரிக்குக் கீழே தேவையில்லை. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் ஆறு சதவீத மின்சாரம் மிச்சமாகும்.

* ஏ.சி. தண்ணீரை வாளியில் பிடித்தால் அன்றன்றே செடிக்கு ஊற்றிவிடுங்கள். தேங்கினால் டெங்கு கொசு முட்டையிடும். அந்தத் தண்ணீர் குடிக்கவோ சமைக்கவோ ஆகாது.

* பச்சைக் குழந்தைக்குக் கணப்பைவிடத் தாயின் உடம்புச் சூடுதான் நல்லது. மெல்லிய துணியாக இரண்டு மூன்று அடுக்கு உடுத்துங்கள். முகத்தை மூடும்படி போர்வையை இழுத்து விடாதீர்கள்.

* புது வீடு பார்க்கப் போனால் வரவேற்பறையையும் சமையலறையையும் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். பின்பக்கம் போய், குளிக்கிற தண்ணீரும் மழைத் தண்ணீரும் எங்கே போகின்றன என்று பாருங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை சுவரைத் தடவிப் பாருங்கள்.

எங்கள் வாழை இப்போது இரண்டாம் தார் தள்ளியிருக்கிறது. முதல் தாரில் பாதியை ஆயாவுக்குக் கொடுத்தேன். "குளிச்ச தண்ணியிலயே இவ்வளவு காய்ச்சிருக்கா?" என்று சிரித்தார். பாட்டியின் குமுட்டி அடுப்பை நான் தூக்கி எறியவில்லை. வாசல் திண்ணையில்தான் வைத்திருக்கிறேன். மார்கழி மாலைகளில் அதில் சோளக்கதிர் சுட்டுத் தருவேன். உள்ளே மட்டும் ஒருநாளும் வராது. எடுத்து வர நினைத்தாலும் என் மகள் விடமாட்டாள்.